சுங்கச்சாவடி அட்டையில் ஏறிய டிராகன்

மான் வேட்டை வாரத்தில் எங்கள் ஊரில் ஒரு வேலையும் நடக்காது. நவம்பர் கடைசியில் அந்த வாரம் வந்துவிட்டால் பல் வைத்தியரும் இருக்க மாட்டார், குழாய் ரிப்பேர்காரனும் இருக்க மாட்டான். ஆண், பெண் என்று பார்க்காமல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வடக்கே காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். விஸ்கான்சினில் பிறந்துவிட்டு மான் சுடமாட்டேன் என்கிறவனை இங்கே ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். லைல் டெஸ்கி அப்படிப்பட்ட ஆள். ரத்தம் என்றால் அவனுக்கு ஆகாது. அதனால் அந்த வாரம் முழுக்க 'இரும்பு ஆந்தை' ஆபீசைக் காவல் காக்கிற வேலை வருஷாவருஷம் அவன் தலையில்தான் விழும்.

இரும்பு ஆந்தை ஒன்றும் பெரிய கம்பெனி கிடையாது. பழைய சீஸ் கிடங்கு ஒன்றின் மாடியில் நடந்த சின்னப் பதிப்பகம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தன் வாள்வீரன், ஒருத்தி சூனியக்காரி என்று பாவித்துக்கொண்டு, பகடை உருட்டிப் பொழுது போவது தெரியாமல் ஆடுவார்களே, அந்த ஆட்டத்துக்கான சாகசப் புத்தகங்களைப் போடுகிற இடம். பாழுங்கோட்டையில் எத்தனை அறை, எந்த அறையில் எந்தப் பூதம், அதைக் கொல்ல எத்தனை அடி போடவேண்டும் என்று யோசித்து எழுதுவதற்குச் சம்பளத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் லைல். இன்னொருவன் நார்பர்ட் வாவ்ரா.

இரண்டு பேரும் எதிரெதிர் மேசை. லைல் ஒல்லி, யோசித்து யோசித்து ஒரு வரி எழுதுவான். நார்பர்ட் கதவை அடைக்கிற ஆள். எழுதும்போதே சிரிப்பான், தன் பூதம் செய்கிற அக்கிரமத்துக்குத் தானே தொடையைத் தட்டிக்கொள்வான். மாமனாருடைய மாட்டுத்தீவன ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன், அதை உதறிவிட்டு இங்கே வந்தான். 'இல்லாத டிராகனுக்குத் தீனி போடப் போறாராம் எங்க மாப்பிள்ளை' என்று அந்தக் கிழவர் ஊரில் சொல்லாத கடை இல்லை. நார்பர்ட் அதையும் சிரித்துக்கொண்டே லைலிடம் வந்து சொல்லுவான். லைலுக்கு வேறு சிநேகிதன் என்று யாரும் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவன் செய்தது பகையாளிக்கு இல்லை.

அந்த வருஷம் குளிருக்கு இரண்டு புத்தகம் தயாரானது. லைல் எழுதியது 'உப்புச் சுங்கச்சாவடி'. நார்பர்ட் எழுதியது 'பனி ஏரிக்கு அடியில்'. எங்கள் ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் சின்னக் கொட்டகை போட்டு, பனியில் ஓட்டை துளைத்து, தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, அதிலிருந்துதான் நார்பர்ட் கதையைப் பிடித்தான். ஓட்டைக்குக் கீழே ஒரு டிராகன் தூங்குகிறது. யாரோ ஒருவனுடைய தூண்டில் அதன் மூக்கில் மாட்டுகிறது. மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அட்டைப்படம் வெளி ஓவியர்களிடம் போகும். லைலின் புத்தகத்துக்கு ரேசின் ஊரிலிருந்த ஒரு வயசாளி வரைந்து அனுப்பினார்: மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுங்கக்காரன், பக்கத்தில் ஒரு ஆடு. நார்பர்ட்டின் புத்தகத்துக்கு சிக்காகோவிலிருந்து காஸியா டுடெக் என்கிற பெண் வரைந்தாள். அந்த ஓவியத்தைப் பிரித்த அன்றைக்கு ஆபீசே கூடிவிட்டது. பனியைப் பிளந்துகொண்டு டிராகன் எழும்புகிறது, கொட்டகைகள் தீப்பெட்டி மாதிரி பறக்கின்றன, ஒரு மீன்காரன் மட்டும் தூண்டிலை விடாமல் தொங்குகிறான். லைலின் ஓவியமும் அன்றைக்குத்தான் வந்திருந்தது. கம்பெனியை நடத்துகிற வெர்லா ஷூமாக்கர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆடு நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் டிராகனிடம் போய்விட்டாள். லைல் அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். வயிறு எரிந்தது. சிநேகிதனுக்கு நல்லது நடந்தால் வயிறு எரியக்கூடாது என்று தெரியாதவனா அவன்? தெரிந்தும் எரிந்தது.

மான் வாரம் வந்தது. வெர்லா நல்ல குறிபார்ப்பவள், வருஷம் தவறாமல் ஒரு கொம்புமானைச் சுட்டுக் கொண்டுவருவாள். முதல் ஆளாக அவள் கிளம்பினாள். நார்பர்ட்டும் மாமனார், மச்சான்களோடு போய்விட்டான். அச்சகத்திலிருந்து ஏதாவது கேட்டால் 'சரி' என்றோ 'இல்லை' என்றோ சொல்ல லைல் இருக்கிறான் என்று எல்லாருக்கும் நிம்மதி.

அச்சகத்திலும் பாதி ஆள் காட்டில். போர்மன் க்ளெட்டஸுக்கு இடுப்பு எலும்பு மாற்றியிருந்தார்கள், அதனால் அவர் காட்டுக்குப் போகவில்லை. புதன்கிழமை அவர் போன் செய்தார்.

"தம்பி, ஒரு சந்தேகம். எங்க பசங்க தலைப்ப மாத்தி ஒட்டிட்டானுங்களோ என்னவோ. டிராகன் சுங்கச்சாவடி மேல உக்காந்திருக்கு, ஆடு ஏரி மேல போயிருக்கு. ஏரி புஸ்தகத்த நான் ரெண்டு தடவ படிச்சிட்டேன், அதுலதான டிராகன் வருது? இது மாறிப்போச்சுதானே?"

மாறித்தான் போயிருந்தது. லைலுக்கு அது அந்த நொடியே தெரிந்தது. ஆனால் மனசுக்குள் அந்தப் படம் எழும்பியது. தன் பெயரும் அந்த டிராகனும் ஒரே அட்டையில். ஒருவேளை வெர்லாவே மாற்றச் சொல்லியிருப்பாளோ என்று ஒரு நினைப்பை அவன் அவசரமாகத் தயார் செய்துகொண்டான். அவளைக் கேட்க வழி இல்லை, காட்டில் போன் இல்லை. கேட்கும்வரை நிறுத்திவையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான்.

"இல்ல, சரியாத்தான் இருக்கு. அப்படியே அச்சுல ஓட்டுங்க" என்றான்.

உங்க இஷ்டம் என்று க்ளெட்டஸ் போனை வைத்துவிட்டார்.

ஜனவரியில் பெட்டிகள் வந்து இறங்கின. நார்பர்ட்தான் முதலில் பிரித்தான். தன் ஏரிப் புத்தகத்தின்மேல் ஆடு நிற்பதைப் பார்த்தான். அடுத்த பெட்டியைப் பிரித்து, லைலின் சுங்கச்சாவடிமேல் தன் டிராகன் எழும்புவதைப் பார்த்தான். நார்பர்ட் விழுந்து விழுந்து சிரித்தான். மான் வாரத்தில் அச்சடித்தால் இப்படித்தான், ஆட்டுக்கும் டிராகனுக்கும் வித்தியாசம் தெரியாதவன்தான் ஊரில் மிச்சம் இருந்திருப்பான் என்றான். வெர்லாவுக்குக் கோபம் வந்து அச்சகத்துக்குப் போன் போடக் கையை நீட்டினாள். லைல் குறுக்கே விழுந்து, நீங்க எதுக்கு, நானே பேசிக்கறேன் என்றான். ஒரு மணி நேரம் வெளியே சுற்றிவிட்டு வந்து, ரொம்ப வருத்தப்பட்டார்கள், அடுத்த அச்சில் சரிசெய்துவிடலாம் என்றார்கள் என்று சொன்னான். முதல் பொய்யாவது வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பொய்யை அவன் பனியில் நடந்து நடந்து தயாரித்துக்கொண்டு வந்தான்.

அதோடு போயிருந்தால் அது ஒரு அசட்டுத்தனம், அவ்வளவுதான். அடுத்த வாரமே வெர்லா இரண்டு பேரையும் உட்காரவைத்து, நிலைமை சரியில்லை என்று சொல்லிவிட்டாள். மார்ச்சிலிருந்து எழுத்தாளர் ஒருவருக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும். யாரை வைத்துக்கொள்வது என்று தன்னால் முடிவுசெய்ய முடியவில்லை, இரண்டு பேரும் தனக்கு ஒன்றுதான், இந்த இரண்டு புத்தகத்தில் எது அதிகம் விற்கிறதோ அந்த ஆள் இருக்கட்டும் என்றாள். நியாயமாகத்தான் பேசினாள், பாவம். அவளுக்கு என்ன தெரியும்?

அப்போது லைல் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவனுக்கு வேறு என்ன பிழைப்புத் தெரியும்? எலும்புக்கூட்டுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி போடலாம் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான். அதைக் கேட்டு வேறு யார் சம்பளம் கொடுப்பார்கள்? நார்பர்ட்டுக்காவது தீவன ஆலை இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நார்பர்ட் அந்த ஆலைக்குத் திரும்புவதைவிட ஏரியில் விழலாம் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறான் என்பதையும் அவன் அப்போது நினைத்துக்கொண்டான். நினைத்தும் பேசாமல் இருந்தான்.

கடைகளில் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். பையன்கள் டிராகனைத்தான் எடுத்தார்கள். ஆட்டை எவன் எடுப்பான்? சுங்கச்சாவடி பிய்த்துக்கொண்டு போனது. ஏரிப் புத்தகம் அலமாரியிலேயே கிடந்தது. வாங்கின சிலரும் உள்ளே ஆடு எங்கே என்று கேட்டு எழுதினார்கள். நார்பர்ட் அந்தக் கடிதங்களை உரக்கப் படித்துக் காட்டினான். அடுத்த தடவை ஒரு ஆட்டை நுழைத்துவிடலாம், பாவம், எல்லாரும் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்கள் என்றான். ஆனால் வாரத்துக்கு வாரம் அவன் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. மேசையில் தொடை தட்டுகிற சத்தம் இல்லை.

ஒருநாள் மத்தியானம் சாண்ட்விச்சைப் பிரித்துவைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தான். "அட்ட மேல பழி போட்டுட்டு இருந்தேன்டா. ஆனா வாங்கினவன் நாலு பேருகிட்ட சொல்லணும்ல, நல்லாருக்குன்னு? ஒருத்தனும் சொல்லல. விளையாடிப் பாத்தேன்னு ஒருத்தன் எழுதல. எனக்கு எழுத வரலடா லைல். மாமா சொன்னதுதான் சரி."

லைல் அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். க்ளெட்டஸ் ரெண்டு தடவை படித்தார் என்று சொன்னால் போதும். ஆனால் க்ளெட்டஸ் படித்தார் என்றால், எப்போது சொன்னார், ஏன் சொன்னார் என்று கேள்வி வரும். அதனால் அவன், அப்படியெல்லாம் இல்லடா என்றான். ரொம்ப மெல்லச் சொன்னான். அது நார்பர்ட்டுக்கு ஆறுதலாகக்கூடக் கேட்கவில்லை.

அதற்குள் காஸியா டுடெக் சிக்காகோவிலிருந்து போனில் பிடித்துக்கொண்டாள். சுங்கச்சாவடிப் புத்தகத்தின் உள்பக்கத்தில் அட்டை ஓவியம் என்ற இடத்தில் ரேசின் வயசாளி பெயர் இருந்தது. உள்பக்கம் பழையபடியே இருக்க அட்டை மட்டும்தானே மாறியிருந்தது. என் டிராகனுக்கு யாரோ ஒரு கிழவன் பெயரா என்று அவள் போலந்து மொழியில் திட்டினாள், இங்கிலீஷில் திட்டினாள், லைல்தான் வாங்கிக்கொண்டான். ஒருத்தி தன் பெயருக்கு இப்படிச் சண்டை போடுவதைக் கேட்கக் கேட்க அவனுக்குக் காது சுட்டது. இரண்டாம் அச்சில் உங்கள் பெயர் வரும் என்று சத்தியம் செய்துகொடுத்தான்.

இரண்டாம் அச்சு என்றால் சுங்கச்சாவடிக்குத்தான். அட்டையை மாற்றிச் சரிசெய்ய வெர்லா சம்மதிக்கவில்லை. விற்கிற அட்டையை எவளாவது மாற்றுவாளா என்று கேட்டாள். உள்ளே டிராகன் எங்கே என்று கேட்டும் கடிதம் வந்துகொண்டிருந்தது. அதனால் லைல் தன் புத்தகத்துக்குள் எட்டுப் பக்கம் சேர்த்து ஒரு பனி டிராகனை எழுதிவிட வேண்டும், அட்டைக்கும் கதைக்கும் பொருத்தமாகிவிடும் என்றாள்.

லைல் உட்கார்ந்து பார்த்தான். ஒரு வரி வரவில்லை. எப்படி வரும்? இதை எதிர் மேசையிலிருந்து நார்பர்ட் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் எழுந்துவந்து, தன் கையெழுத்துப் பக்கங்களை மேசையில் வைத்தான். டிராகன் முழுசாக அதில் இருந்தது. அதன் பெயர், அதன் குணம், அதன் பழைய கோபம், மூக்கில் மாட்டின தூண்டில், எல்லாம்.

"எடுத்துக்கடா. என் புஸ்தகத்த இனிமே எவனும் அச்சடிக்கப் போறதில்ல. உன்னுதுலயாவது அது உயிரோட இருக்கட்டும். உள்பக்கத்துல, சின்ன எழுத்துல, டிராகன் நார்பர்ட் வாவ்ரான்னு போட்ரு. லெனோர்கிட்ட காட்டணும்."

லெனோர் அவன் மனைவி. அந்தப் புத்தகத்தை முழுக்க டைப் அடித்துக் கொடுத்தவள் அவள்தான்.

லைல் அதை வாங்கிக்கொண்டான். அன்றைக்குச் சாயந்திரம் கழிப்பறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதான். அழுதுவிட்டு வந்து டிராகனைத் தன் புத்தகத்துக்குள் நுழைக்க ஆரம்பித்தான். அழுகிறவனெல்லாம் நல்லவன் ஆகிவிடுவானா என்ன!

அச்சுக்குப் போகிற உள்பக்கத்தில் அந்தப் பெயரை அவனே எழுத்துக் கோத்து வாங்கி, மெழுகு தடவி ஒட்டினான். காஸியாவின் பெயருக்குக் கீழே, நார்பர்ட் வாவ்ரா. அந்த ஒரு காரியம் செய்தபோது மட்டும் அவனுக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. வியாழக்கிழமை வெர்லா பக்கங்களைப் பார்த்தாள். விரலை அந்த வரிமேல் வைத்தாள். நார்பர்ட்டுக்கு நாளையோடு வேலை முடிகிறது, கம்பெனியில் இல்லாதவன் பெயரை உள்ளே போடுகிற வழக்கம் நமக்கு இல்லை, நாளைக்கு அவன் வந்து பங்கு கேட்டால் யார் பதில் சொல்வது, எடுத்துவிடு என்றாள். காஸியா விஷயம் வேறு, அவள் சண்டைக்காரி.

அப்போதுதான் லைல் சொன்னான். கடைசியில், எல்லாம் முடிந்தபிறகு, வெர்லாவிடம் சொன்னான். க்ளெட்டஸ் கேட்டதையும், தான் ஓட்டச் சொன்னதையும், அச்சகத்துக்குப் பேசாமலே பேசியதாகப் பொய் சொன்னதையும் சொன்னான். நார்பர்ட்டை நிறுத்தாதீர்கள், என்னை அனுப்புங்கள் என்றான்.

வெர்லா கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தாள். "இத நீ எங்கிட்ட சொல்லியே இருக்க வேண்டாம்" என்றாள். "ஊர்ல எல்லாக் கடையிலயும் ஆர்டர் போட்டுட்டானுங்க. உன் பேர்ல வந்த ஆர்டர். அவன வச்சுக்கிட்டு நான் எத விக்கறது? நீ போய் வேலையப் பாரு. வெளிய மூச்சு விடாத."

கத்தியை எடுத்து அந்த வரியைப் பக்கத்திலிருந்து கிளப்பியது லைலின் கைதான். வெர்லா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள் என்பது உண்மை. ஆனால் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அன்றைக்கே பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்விட்டன.

வெள்ளிக்கிழமை நார்பர்ட் காலையிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு எல்லாரிடமும் கைகொடுத்துவிட்டு ஏரிக்குப் போய்விட்டான். மத்தியானம் லைலும் போனான். பிப்ரவரி முடிகிற சமயம், பனி இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. நார்பர்ட்டின் கொட்டகை கரையிலிருந்து தள்ளி இருந்தது. உள்ளே சின்ன அடுப்பு, இரண்டு கவிழ்த்த வாளி. நார்பர்ட் ஒரு வாளியை அவன் பக்கம் தள்ளி, பிராந்தி குப்பியை நீட்டினான். திங்கட்கிழமையிலிருந்து ஆலைக்குப் போகிறேன், மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது என்றான். வீட்டில் இருக்கிற பழைய கதைக் குறிப்பெல்லாம் ஒரு பெட்டி நிறையக் கிடக்கிறது, நீ எடுத்துக்கொள், எனக்கு இனிமேல் எதற்கு என்றான்.

லைல் குப்பியைத் தொடவில்லை.

"அட்ட மாறினது அச்சகத்துத் தப்பு இல்லடா. மாத்தி ஒட்டினது அவங்கதான், ஆனா க்ளெட்டஸ் கண்டுபிடிச்சுட்டார். ஓட்டறதுக்கு முன்னாடியே எனக்குப் போன் பண்ணி மாத்தணுமான்னு கேட்டார். நான்தான் இப்படியே ஓட்டச் சொன்னேன்."

நார்பர்ட் தூண்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கேட்டது லைல் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"க்ளெட்டஸுக்கு எப்படிரா தெரிஞ்சுது, மாறியிருக்குன்னு?"

"படிச்சிருக்கார்."

"எத?"

"உன் புஸ்தகத்த. ரெண்டு தடவ படிச்சேன்னார்."

நார்பர்ட் திரும்பினான். அவன் முகத்தில் வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். சின்னப் பிள்ளை முகம்போல ஆகிவிட்டது அந்தப் பெரிய முகம்.

"ரெண்டு தடவையா? அவரு எதையும் படிக்கற ஆளே இல்லயேடா. அப்போ புஸ்தகம் மோசமில்ல." தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "மோசமில்ல, என்ன?"

"நல்ல புஸ்தகம்டா. நான் எழுதினத விட நல்ல புஸ்தகம். அதனாலதான் பண்ணேன்."

அவன் ஒரு அறை விட்டிருந்தால்கூட லைலுக்கு அந்தச் சிரிப்பைவிட லேசாக இருந்திருக்கும். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்தது. நார்பர்ட் ஓட்டைக்குள் பார்த்தான். இது எப்போது நடந்தது என்று கேட்டான். மான் வாரத்தில் என்றான் லைல். நார்பர்ட் தலையை ஆட்டினான். திரும்பத் திரும்ப ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"லெனோர் தெனம் சொல்லிட்டே இருந்தா. நல்லா எழுதியிருக்க, விடாதன்னு. நான் அவள என்ன சொன்னேன் தெரியுமா? பரிதாபப்பட்டு பொய் சொல்லாதடின்னு கத்தினேன். ரெண்டு வாரமா அவ எங்கிட்ட சரியா பேசறதில்ல." தூண்டிலைச் சுருட்ட ஆரம்பித்தான். "எழுந்திரு. நான் போய்ச் சொன்னா சாக்கு சொல்றேன்னு நெனப்பா. நீ வந்து உன் வாயால சொல்லு."

ஏரியைத் தாண்டி இரண்டு பேரும் நார்பர்ட்டின் வீட்டுக்கு நடந்தார்கள். வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் மீன் நாள் என்பதால் சமையலறையில் பெர்ச் மீன் பொரிகிற வாசனை. மாமனார் ஏற்கெனவே தட்டோடு மேசையில் உட்கார்ந்திருந்தார். லெனோர் லைலைப் பார்த்ததும் முகம் மலர்ந்து அவனுக்கும் ஒரு தட்டை எடுத்துவைத்தாள். லைல் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு நின்றான். நார்பர்ட் உட்கார்ந்துகொண்டு, இவன் ஒரு விஷயம் சொல்ல வந்திருக்கிறான், கேளு என்றான்.

லைல் சொன்னான். முதல் தடவையைவிட நன்றாகவே சொன்னான், ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை. க்ளெட்டஸ் படித்ததை இரண்டு தடவை சொன்னான். லெனோர் கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் லைலைப் பார்க்கவில்லை, புருஷனைத்தான் பார்த்தாள்.

"நான் சொன்னேன்ல" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "அப்பவே சொன்னேன்ல உனக்கு."

நார்பர்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லைல் பக்கம் திரும்பினாள். அவள் நல்ல பெண். கோபத்தைவிட நியாயம்தான் அவளுக்கு முதலில் வரும்.

"நீ பண்ணினது அக்கிரமம் லைல். நான் மறக்க மாட்டேன். ஆனா டிராகன் இவன்துன்னு பேர் போட்டிருக்கியே, அதையாவது செஞ்ச. அந்தப் புஸ்தகம் வந்ததும் எனக்கு ஒண்ணு கொண்டுவந்து குடு. எங்கப்பாவுக்குக் காட்டணும்."

ஏரியில் லைல் இதைச் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டேன் என்று சொல்வதற்கில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"பேர் இல்ல" என்றான். "வெர்லா எடுக்கச் சொன்னாங்க. நான் எடுத்துட்டேன். நேத்தே அச்சுக்குப் போயிடுச்சு."

நார்பர்ட் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்போ டிராகன் யாருதுன்னு போட்டிருக்கு?"

"தனியா ஒண்ணும் போடல. மேல என் பேர் மட்டும் இருக்கு."

நார்பர்ட் மனைவியின் கையை விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். தோள் இரண்டும் தொங்கிவிட்டன. ஆபீசில் அத்தனை நாள் எதிரில் உட்கார்ந்திருந்தும், அவன் இப்படிக் குனிந்து லைல் பார்த்ததே இல்லை. லெனோர் லைலுக்காக வைத்த தட்டை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள்.

அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் தின்றுகொண்டிருந்த மாமனார் முள்கரண்டியைக் கீழே வைத்தார். இத்தனை வருஷமாக ஊர் பூராவும் மாப்பிள்ளையைக் கேலி செய்துகொண்டிருந்த அந்தக் கிழவர், லைலைப் பார்த்து ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"தம்பி, உங்க கோட்டு ஆணியில இருக்கு."

லைல் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். கதவைச் சாத்தும்போது, உள்ளே கிழவர் தன் தட்டிலிருந்த பெரிய மீனை எடுத்து மாப்பிள்ளையின் தட்டில் வைத்து, அந்தத் தூண்டில் மூக்கில் மாட்டின கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்.